குட்டியைத் தூக்குமுன் தாயைப் பாருங்கள்!

"அப்பா, நமக்கு ஒரு நாய்க்குட்டி வேண்டும்!"

பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் புத்தகப் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அதற்குள் கேட்டுவிட்டான்.

அப்பா தலையைச் சொறிகிறார். அம்மா முகத்தைச் சுளிக்கிறாள். "மாட்டுச் சாணி அள்ளுகிறது போதாதா? அதற்கும் நான்தான் அள்ள வேண்டுமா?" என்கிறாள். பாட்டி மட்டும் பேரன் பக்கம். "இருக்கட்டும்டா. களத்தில் நெல் கிடக்கிற நாளில் வாசலில் ஒரு நாய் குரைத்தால் எனக்கும் கொஞ்சம் கண் அசரும்" என்கிறாள்.

இரண்டு நாள் பேச்சு நடக்கிறது. மூன்றாம் நாள் அம்மாவும் சம்மதித்துவிடுகிறாள்.

அப்புறம்தான் உண்மையான கேள்வி பிறக்கிறது. குட்டியை எங்கே வாங்குவது?

தஞ்சைச் சீமையில் மாடு வாங்குகிறவர்களைப் பாருங்கள். விவரம் தெரிந்த நாலு பேரை அழைத்துப் போகிறார்கள். வாயைத் திறந்து பல் பார்க்கிறார்கள். சுழி பார்க்கிறார்கள். நடக்க விட்டுப் பார்க்கிறார்கள். பால் மாடு என்றால் இரண்டு வேளை கறந்தும் பார்க்கிறார்கள். தாய் எத்தனை படி கறந்தது என்று விசாரிக்கிறார்கள். அப்புறம்தான் துண்டைப் போட்டு விலை பேசுகிறார்கள்.

நாய்க்குட்டி வாங்கும்போது மட்டும் இந்தச் சாமர்த்தியம் எல்லாம் எங்கே போய்விடுகிறதோ தெரியவில்லை! கூடையில் பார்த்தோம். அழகாக இருந்தது. தூக்கிக்கொண்டு வந்தோம். அவ்வளவுதான்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் நம் வீட்டில் இருக்கப் போகிற ஜீவன் அது.

ஐந்து நாள் விருந்தாளி

மற்றவர்களைக் குறை சொல்வானேன்? நானே அப்படி ஏமாந்தவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பஸ் நிலையத்துக்கு வெளியே ஒருவர் மூங்கில் கூடையுடன் உட்கார்ந்திருந்தார். கூடைக்குள் ஆறு வெள்ளைக் குட்டிகள். பஞ்சு உருண்டைகள் போல இருந்தன. "பொமரேனியன் சார். நாற்பத்தைந்து நாள் குட்டி" என்றார். என் மகள் ஒன்றை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அதற்கு மேல் பேச்சு ஏது? பணத்தைக் கொடுத்தேன். பஸ் ஏறினோம்.

முதல் நாள் குட்டி பால் குடித்தது. இரண்டாம் நாள் வீடு முழுவதும் ஓடியது. மூன்றாம் நாள் படுத்துவிட்டது. வாந்தி எடுத்தது. பிறகு பேதி. பேதியில் ரத்தம். அந்த நாற்றத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

கால்நடை டாக்டரிடம் ஓடினோம். அவர் குட்டியைத் தொட்டுப் பார்த்தார். குளுக்கோஸ் ஏற்றினார். ஊசி போட்டார். பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதன் தாயைப் பார்த்தீர்களா?"

நான் விழித்தேன்.

ஐந்தாம் நாள் விடியற்காலையில் குட்டி இறந்துவிட்டது. கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் புதைத்தோம். மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நோயின் பெயர் பார்வோ. 1978-இல்தான் உலகம் இதை முதன்முதலாகக் கண்டுகொண்டது. இரண்டே ஆண்டுகளில் கண்டம் விட்டுக் கண்டம் பரவிவிட்டது. மனிதர்களுக்கு இது ஒட்டாது. ஆனால் தடுப்பூசி போடாத சின்னக் குட்டிகளுக்கு இது எமன். நோய் உள்ளே புகுந்து சில நாள் வரை வெளியே எதுவும் தெரியாது. அதனால்தான் கூடையில் துள்ளுகிற குட்டி, வீட்டுக்கு வந்தபின் சுருண்டு விழுகிறது. விற்றவருக்கே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் இருக்கலாம்.

இன்னொரு சங்கதியும் டாக்டர் சொன்னார். இந்தக் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்குமாம். பினாயில் ஊற்றிக் கழுவினாலும் சாகாதாம். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீருக்குத்தான் அடங்குமாம். ஆகவே, பார்வோவில் ஒரு குட்டி இறந்த வீட்டுக்கு, பிள்ளை அழுகிறதே என்று மறுவாரமே இன்னொரு குட்டியைக் கொண்டு வராதீர்கள். அதுவும் போய்விடும்.

தாயிடம் என்ன பார்ப்பது?

டாக்டர் ஏன் தாயைப் பற்றிக் கேட்டார்?

பசு கன்று போட்டதும் வரும் சீம்பாலை நாம் அறிவோம். நாய்க்கும் சீம்பால் உண்டு. தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தால், நோயை எதிர்க்கும் சக்தி அந்தச் சீம்பால் வழியாகக் குட்டிகளுக்குப் போகிறது. முதல் சில வாரங்கள் அதுதான் கவசம். தாய் நோஞ்சானாக இருந்தாலோ, தடுப்பூசியே காணாததாக இருந்தாலோ, குட்டிக்கும் கவசம் குறைவு.

இரண்டாவது, குணம். நீங்கள் வாசலில் நிற்கும்போது தாய் குரைக்கட்டும். குரைக்க வேண்டும்! அதற்குத்தானே நாய்? ஆனால் வீட்டுக்காரர், "சும்மா இரு, தெரிந்தவர்கள்தான்" என்றதும் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கி, வந்து உங்கள் காலை மோந்து பார்த்தால் நல்ல நாய். வாலைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பதுங்குகிற தாயின் குட்டி பெரும்பாலும் பயங்கொள்ளியாக வரும். பயந்த நாய்தான் திடீரென்று கடிக்கும். வீட்டுக்காரரையே பார்த்து உறுமுகிற தாய் என்றால், குட்டியைத் தொடாமலே திரும்பி வந்துவிடுங்கள்.

மூன்றாவது, உருவம். குட்டியாக இருக்கும்போது எல்லாம் உள்ளங்கை அளவுதான். அது முழங்கால் உயரம் வளருமா, இடுப்பு உயரம் வளருமா என்பதைத் தாயைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். "குட்டியாகவே இருக்கும் சார்" என்று சொல்லி விற்ற நாய் கன்றுக்குட்டி மாதிரி வளர்ந்து நிற்பதை நான் இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன்!

தாயைப் பார்த்தபின் குட்டிகளைப் பாருங்கள். கண்ணில் பீளை இருக்கக் கூடாது. மூக்கு ஒழுகக் கூடாது. வாலடி சுத்தமாக இருக்க வேண்டும். வயிறு மட்டும் பானை போல உப்பி, விலா எலும்பு தெரிந்தால் அது செழிப்பு அல்ல, வயிற்றுப் பூச்சி. பூச்சி மருந்து கொடுத்தார்களா என்று கேளுங்கள்.

கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம். ஒழுங்காக வளர்க்கிறவர் கேள்விக்குச் சந்தோஷப்படுவார். கேட்கக் கேட்க எரிந்து விழுகிறவரிடம் வாங்காதீர்கள்.

எட்டு வாரக் கணக்கு

"நாற்பத்தைந்து நாள் குட்டி" என்று கூடைக்காரர் சொன்னாரே, அது உண்மையாக இருந்தாலும் தப்புத்தான்!

நாய் சுமார் 63 நாள் சுமந்து குட்டி போடுகிறது. பிறக்கும்போது குட்டிக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. இரண்டு வாரத்தில் கண் திறக்கும். மூன்றாம் வாரம் தள்ளாடி நடக்கும். அதற்குப் பிறகுதான் அதன் பள்ளிக்கூடம் ஆரம்பம்.

பள்ளிக்கூடமா? ஆம்! ஒரு குட்டி இன்னொன்றின் காதைக் கடிக்கும். கடிபட்டது வீல் என்று கத்தும். விளையாட்டு நின்றுவிடும். "இவ்வளவு அழுத்திக் கடிக்கக் கூடாது" என்ற பாடத்தைக் குட்டி அங்கேதான் படிக்கிறது. தாயும் உறுமி, தட்டி, அடக்கிக் கற்றுக் கொடுக்கிறது. நாலு வாரத்தில், ஐந்து வாரத்தில் பிரித்துக்கொண்டு வந்த குட்டிக்கு இந்தப் படிப்பு இல்லை. அது நம் பிள்ளைகளின் கையையும் காலையும் கடித்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் பல வருஷம் நாய்க்குட்டிகளோடு காலம் கழித்தார்கள். 1965-இல் அவர்கள் தங்கள் ஆராய்ச்சியைப் புத்தகமாக வெளியிட்டார்கள். பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரைதான் குட்டி உலகத்தோடு உறவு கொள்ளும் காலம் என்று கண்டார்கள். பதினான்கு வாரம் வரை மனிதர்களோடு பழக விடாமல் வளர்த்த குட்டிகள், பிறகு மனிதரைக் கண்டால் காட்டு மிருகம் போல ஒதுங்கினவாம்.

இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. மிகச் சீக்கிரமும் கூடாது. பிறந்ததிலிருந்து இருட்டுக் கொட்டகையில் அடைத்து வைத்த குட்டியும் கூடாது. பிள்ளைகள் ஓடியாடுகிற வீட்டில், மாடும் கோழியும் நடமாடுகிற கொல்லையில் வளர்ந்த குட்டிதான் நமக்கு ஏற்றது.

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2017-இல் சட்ட விதியே செய்துவிட்டது. நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. பிராணிகள் விற்கும் கடைகளுக்கும் 2018-இல் இதே போலப் பதிவு வந்தது. கடையில் வாங்குகிறவர்கள் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கூடைக்காரரிடம் எந்தச் சான்றைக் கேட்பது?

அடுத்த தெருவே போதும்

அப்படியானால் எங்கேதான் போவது?

தூரம் போக வேண்டாம். பெரும்பாலான குடும்பங்களுக்கு அடுத்த தெருவே போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர் நாய்கள் கூட்டமாகத் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். கணக்குப் போடுங்கள். மார்கழியில், தையில் குட்டிகள் பிறக்கும். மாசியில், பங்குனியில் எட்டு வாரம் நிறையும். சம்பா அறுத்து நெல் வீட்டுக்கு வந்து, கொஞ்சம் மூச்சு விடுகிற காலமும் அதுதான்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இப்படி ஒரு பேச்சு என் காதில் விழுந்தது.

"அக்கா, உங்க மணி குட்டி போட்டிருக்காமே?"

"ஆமாம்டி. அஞ்சு. வைக்கோல் போருக்கு அடியிலே கெடக்கு. எதுக்குக் கேக்குறே?"

"எங்க வீட்டுக்கு ஒண்ணு வேணும். அந்தக் கருப்பு மூஞ்சி இருக்கே, அதைக் குடுங்களேன்."

"தரேன். இப்போ தர மாட்டேன். இன்னும் மூணு வாரம் பால் குடிக்கட்டும். நீ தினம் வந்து கையிலே கொஞ்சம் சோறு வச்சிக் குடு. பழகிக்கும்."

அந்த அம்மாள் ஸ்காட்டையும் ஃபுல்லரையும் படித்தவள் அல்ல. ஆனால் அவர்கள் சொன்னதைத்தான் சொன்னாள்!

இப்படி வாங்கும் குட்டியின் தாய், வருஷக்கணக்காக நம் கண்ணெதிரே இருக்கிறது. அது கோழி திருடுமா, வழியில் போகிற பிள்ளைகளைத் துரத்துமா என்று ஊருக்கே தெரியும். நம் வெயிலும் ஐப்பசி மழையும் அதற்குப் பழக்கம். பழைய சோற்றையும் மீன் குழம்பையும் தின்று ஜீரணித்த வம்சம். வரப்பில் கண்ணாடி விரியன் கிடந்தால் நாலடி தள்ளி நின்று குரைக்கத் தெரியும்.

ஜாதி நாய் அல்லவே என்று குறைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அவரவர் ஆசை. ஆனால் எலிக்கும் பாம்புக்கும் திருடனுக்கும் காகிதத்தில் எழுதிய வம்ச வரலாறு தெரியாது!

கிடையில் கிடைக்கும் குட்டி

டெல்டாக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு. வேறு சீமையில் இருப்பவர்களுக்கு இது வாய்ப்பது அரிது.

சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்தான பிறகு நம் வயல்களுக்கு விருந்தாளிகள் வருவார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து செம்மறி ஆட்டுக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு கீதாரிகள் வருவார்கள். பகலில் மேய்ச்சல். இரவில் வயலில் கிடை. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். அதற்கு நிலக்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்து, ஆற்றில் வெள்ளம் வரும் சமயத்தில் அவர்கள் தங்கள் சீமைக்குத் திரும்புவார்கள்.

கிடைக்கு ராஜா கீதாரி. மந்திரி யார்? நாய்!

இருட்டிய பிறகு ஒரு கிடைக்கு அருகே போய்ப் பாருங்கள். நடுவில் நூற்றுக்கணக்கான ஆடுகள் அசை போட்டுக்கொண்டிருக்கும். ஓரத்தில் மூலைக்கு ஒன்றாக நாய்கள் சுருண்டிருக்கும். தூங்குவது போலத் தெரியும். நீங்கள் ஒரு வரப்பைத் தாண்டிக் காலை வையுங்கள், தெரியும் சேதி!

இந்த நாயின் குட்டி, ஆட்டுக்குட்டிகளோடு படுத்து வளர்கிறது. ஆகவே ஆட்டைத் துரத்த வேண்டும் என்ற எண்ணமே அதற்கு வருவது குறைவு. ஆடும் கோழியும் வைத்திருக்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல குட்டி ஏது? கிடை இடம் மாறும்போது சின்னக் குட்டிகளைச் சுமந்து போவது கீதாரிக்குச் சிரமம். நல்ல வீடு என்று தெரிந்தால் ஒன்றைக் கொடுப்பார். "கட்டிப் போட்டுக் கொல்லாதீங்க ஐயா. ராத்திரியிலே அவுத்து விடுங்க" என்று சொல்லித்தான் கொடுப்பார்.

அவர் சொல்வது சரி. கிடை நாய் ரத்தம் உட்கார்ந்து சாப்பிடாது. நகரத்தில் மாடி வீட்டில் வைத்துச் சங்கிலி போட்டால் நாள் முழுவதும் குரைத்து அக்கம்பக்கத்தைப் பகைத்துக்கொள்ளும். கொல்லையும் களமும் இருக்கிறவர்களுக்குத்தான் அது லாயக்கு. இன்னொன்று, ஊர் ஊராகப் போகிற தாய்க்குத் தடுப்பூசி போட்டிருப்பது அபூர்வம். ஆகவே குட்டி வந்த மறுநாளே டாக்டர்.

மந்தை காத்த நாயின் பெருமை இன்று நேற்று வந்தது அல்ல. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. சுமார் 1400 வருஷத்துப் பழமை. மாட்டு மந்தையைக் காத்து உயிர் விட்ட ஒரு வீரனுக்காக வைத்தது. அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். எஜமான் விழுந்த பிறகும் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற நாயாம் அது. அதன் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கோவிவன்!

எத்தனையோ பேரின் பெயர் அழிந்துவிட்டது. ஒரு நாயின் பெயர் நின்றுவிட்டது.

ராஜபாளையம் வேண்டுமா?

தமிழ்நாட்டு நாய் இனங்களுக்கு இப்போது நல்ல காலம். ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலை வெளியிட்டார்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் மோடி வானொலியில் பேசும்போது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நான்கையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். நாட்டின் பிராணி இனங்களைப் பதிவு செய்யும் கர்னால் நிறுவனம் முதலில் பதிவு செய்த மூன்று நாய் இனங்களில் இரண்டு நம்முடையவை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும்தான் அவை. மூன்றாவது கர்நாடகத்து முதோள் நாய்.

இவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாங்குமுன் யோசியுங்கள்.

சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டப் பிறந்தவை. சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் காற்றாய்ப் பறந்த வம்சம். நம் பக்கத்தில் அது எங்கே ஓடும்? ஒரு பக்கம் வாய்க்கால். மறு பக்கம் நாற்றங்கால். நாள்தோறும் ஓட்டத்துக்கு அழைத்துப் போக ஆள் இல்லாத வீட்டில் அது நாற்காலியைக் கடிக்கும், செருப்பைக் கிழிக்கும். குற்றம் நாயுடையது அல்ல.

ராஜபாளையத்தின் வெள்ளை நிறத்தோடு ஒரு குறையும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. அதுதான் பிறவிச் செவிடு. எல்லாக் குட்டிக்கும் அல்ல, சிலவற்றுக்கு. குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள். மற்றவை திரும்பும்போது ஒன்று மட்டும் திரும்பாவிட்டால் புரிந்துகொள்ளுங்கள். வெள்ளையாக இருந்தால் ராஜபாளையம், செம்மண் நிறத்தில் வாய் கறுத்திருந்தால் கோம்பை என்று சொல்லி எதையாவது தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. உண்மையிலேயே ஆசை இருந்தால் பஸ் ஏறி அந்த ஊருக்கே போய், தாயையும் தகப்பனையும் நேரில் பார்த்து வாங்குங்கள். கைப்பேசியில் வருகிற படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்.

சீமை நாய்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2003-இல் ஒரு கைப்பேசி விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவனின் பின்னாலேயே ஓடியது. உடனே ஊருக்கு ஊர் பக் நாய் வந்தது. அதன் சப்பை மூக்கு நம் வெயிலில் மூச்சு விடவே திணறும். சைபீரியப் பனியில் வண்டி இழுத்த ஹஸ்கியை அக்கினி நட்சத்திரத்தில் தஞ்சாவூர் மொட்டை மாடியில் கட்டி வைப்பது பாவம். வேறு என்ன சொல்ல?

படித்துறையில் ஒரு சாக்கு

இனி ஒரு கசப்பான விஷயம்.

குட்டி வேண்டும் என்று கேட்கிற எல்லோரும் அடுத்தபடியாகச் சொல்வது என்ன? "ஆண் குட்டியாகக் கொடுங்கள்!"

அப்படியானால் பெட்டைக் குட்டிகள்? ஆண் குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போய்விடுகிறார்கள். மிஞ்சிய பெட்டைகளை ஒரு சாக்கில் போட்டு, இருட்டிய பிறகு ஆற்றுப் படித்துறையிலோ, சந்தைத் திடலிலோ, கோயில் வாசலிலோ விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். விட்டவர் கெட்டவர் அல்ல. யாராவது சோறு போடுவார்கள் என்ற நினைப்புத்தான். ஆனால் விடிவதற்குள் பாதி இறந்துவிடும். மீதியில் ஒன்று பிழைத்தாலும், அது வளர்ந்து வருஷம் பத்துப் பன்னிரண்டு குட்டி போடும். அந்தக் குட்டிகள்தான் பிறகு தெருவில் துரத்துகின்றன என்று பஞ்சாயத்தில் புகார் எழுதுகிறோம்.

தேய்பிறை அஷ்டமியில் பைரவருக்கு வடைமாலை சாத்துகிறோம். அவர் பக்கத்தில் நிற்கிற நாய்க்கும் சேர்த்துத்தான் கற்பூரம் காட்டுகிறார் குருக்கள்.

பெட்டை நாய் காவலில் குறைந்ததா? இல்லை. இன்னும் கேட்டால், ஆண் நாயைப் போல ஊர் சுற்றப் போகாமல் வாசலிலேயே கிடக்கும். குட்டி போடுமே என்ற பயத்துக்கு இன்று வழி இருக்கிறது. ஆறு மாதம் தாண்டியபின் டாக்டரைக் கேட்டுக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம். சில நாளில் புண் ஆறிவிடும். தஞ்சை மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் 2012-இல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கல்லூரியோடு பிராணிகளுக்கு ஆஸ்பத்திரியும் இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் மாட்டோடு நாயையும் அங்கே அழைத்துப் போகலாம்.

எலுமிச்சை மரத்தடிக் குட்டிக்குப் பிறகு ஒரு வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தது பெட்டைக் குட்டிதான். மூன்றாம் வீட்டில், யாரும் கேட்காமல் மிஞ்சிப் போனது. தாயைப் போய்ப் பார்த்தோம். அது எங்களைப் பார்த்துக் குரைத்தது. வீட்டுக்காரர் அதட்டியதும் அடங்கியது. வந்து மகளின் கையை மோந்து பார்த்தது.

"குட்டிதானே கடித்தது?"

குட்டி வந்தபின் ஒரு தவறு மட்டும் செய்யாதீர்கள். விளையாடும்போது பல் பட்டு ரத்தம் வந்தால், "குட்டிதானே கடித்தது" என்று மஞ்சளை வைத்து விட்டுவிடாதீர்கள். வெறிநோய்க்குக் குட்டி, பெரியது என்ற வித்தியாசம் கிடையாது. மூன்று மாதம் நிறைந்தால்தான் குட்டிக்கே வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள். அதுவரை நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம்.

இந்த ஊசியின் கதை பெரிது. 1885 ஜூலை 6-ஆம் தேதி, பாரிஸில் லூயி பாஸ்டர் என்ற மேதை, வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இந்த வைத்தியத்தைச் செய்தார். பையன் பிழைத்தான். 1900-இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் பாஸ்டர் பெயரில் நிலையம் வந்தது. தெற்கே கடிபட்டவர் அங்கே போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துவிடும். 1907-இல் நம் நீலகிரிக் குன்னூரில் நிலையம் திறந்தபிறகுதான் நமக்கு வழி பிறந்தது. வயிற்றைச் சுற்றி நாள்தோறும் ஊசி குத்தியதைத் தாத்தாக்கள் இன்னும் கதையாகச் சொல்வார்கள். அந்தப் பழைய மருந்து 2004-க்குப் பிறகு தயாரிப்பதில்லை. இப்போது கையில் சில ஊசிகள்தான். ஆனால் சொன்ன தேதிகளில் போட்டுக்கொள்ள வேண்டும். நோய் முற்றிவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை.

முதல் ராத்திரி

எல்லாம் பார்த்தாயிற்று. எட்டு வாரம் நிறைந்துவிட்டது. நாளை குட்டியை அழைத்து வரப் போகிறீர்கள்.

காலையிலேயே போங்கள். பகல் முழுவதும் புது வீட்டைப் பார்த்துக்கொண்டால் இரவில் பயம் குறையும். அந்த வீட்டில் என்ன தின்றது என்று கேட்டு, ஒரு வாரத்துக்கு அதையே கொடுங்கள். ஆசை ஆசையாகப் பசும்பாலைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றாதீர்கள், பேதி கண்டுவிடும். தெருவில் இறக்கி மற்ற நாய்களோடு விளையாட விடுவதைத் தடுப்பூசிகள் முடியும்வரை தள்ளிப் போடுங்கள்.

கிளம்பும்போது அந்த வீட்டு அம்மாளிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாய் படுத்திருந்த சாக்கில் ஒரு துண்டு. துவைக்க வேண்டாம். அப்படியே வேண்டும்.

முதல் ராத்திரி குட்டி அழும். ஊரைக் கூட்டும். எங்கள் வீட்டிலும் அழுதது. மகள் எழுந்து போய் அந்தச் சாக்குத் துண்டை அதன் பக்கத்தில் போட்டாள். அது மோந்து பார்த்தது. நாலு சுற்றுச் சுற்றியது. மூக்கை அதில் புதைத்துக்கொண்டு படுத்தது. மறுநாள் ராத்திரி கொஞ்ச நேரம் முனகியது. மூன்றாம் நாள் ராத்திரி வாசலில் யாரோ சைக்கிளில் போனார்கள். சாக்கின் மேல் நின்றுகொண்டு, மெல்லிய குரலில், முதன்முதலாகக் குரைத்தது.